பாரம் தாங்கும் பிஞ்சு இதழ்கள்

ஸ்டீல் தட்டில் ஓர் ஆட்டிதயம் இருந்தது. விடிகாலையில் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் வாங்கி, ஐஸ் பெட்டிக்குள் உப்புக்கரைசலில் போட்டுக் கொண்டுவந்தது. ஆராய்ச்சி மாணவி கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, இதயத்தின் வலது சுவரைக் கத்தரியால் மேலிருந்து கீழாக நறுக்கி இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தார். “இதுதான் மேடம் டிரைகஸ்பிட் வால்வு. கிட்ட வந்து பாருங்க” என்றார்.

குனிந்து பார்த்தேன். வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மூன்று மெல்லிய இதழ்கள். ஈரத்தில் பளபளத்தன. ஓர் இதழை இடுக்கியால் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தபோது, பின்னால் இருந்த அவர் விரல் மங்கலாகத் தெரிந்தது. இதழின் ஓரத்திலிருந்து வெள்ளை நாண்கள் கிளம்பி, கீழறைச் சுவரில் முளைத்து நிற்கும் தசைத் தூண்களில் போய் முடிந்தன. தையல் நூல் தடிமன்தான் இருக்கும். அதில் ஒன்றை மாணவி இடுக்கியால் பிடித்து நன்றாகவே இழுத்தார். தசைத் தூண் வந்தது, இதழ் வந்தது, அந்தத் தட்டே கொஞ்சம் நகர்ந்தது. நாண் அறவில்லை.

தென்சென்னையில் இருக்கும் ஒரு பொறியியல் ஆய்வகம் இது. ஆய்வகத்தின் பெயரையோ, இங்கே சம்பந்தப்பட்ட மருத்துவமனை, குழந்தைகளின் பெயர்களையோ எழுதுவதில்லை என்ற ஒப்பந்தத்தோடுதான் உள்ளே வந்திருக்கிறேன். இவர்களுடைய வேலை, பிறவியிலேயே இதயக் குறையோடு பிறக்கும் குழந்தைகளின் வால்வுத் திசு எவ்வளவு நீள்கிறது, எங்கே பாரம் தாங்குகிறது, எதனால் தோற்றுப்போகிறது என்று கணக்கெடுப்பது. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு முதல் பத்துக் குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கிறது. அதில் கணிசமானவர்களுக்கு வால்வும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கும்.

“ஆட்டோட வால்வு எதுக்கு?” என்று கேட்டேன். குழந்தையின் வால்வைச் சோதனைக்கு வெட்டி எடுக்க யாராலும் முடியாது, எடுக்கவும் கூடாது. அறுவையின்போது வெட்டி ஒதுக்கப்படும் துணுக்குகள் பெற்றோர் ஒப்புதலோடு எப்போதாவது வருகின்றன. அவை இயந்திரத்தில் மாட்டுகிற அளவுக்குக்கூடத் தேறுவதில்லை. அதனால் முறைகளையெல்லாம் ஆட்டு வால்வில் பழகி, சரிபார்த்து வைத்துக்கொள்கிறார்கள். அளவிலும் அது சிறு பிள்ளைகளின் வால்வுக்குப் பக்கத்தில் வருகிறது.

முன்னிதழின் நடுவிலிருந்து ஏழு மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டி எடுத்தார்கள். எந்தப் பக்கம் எது என்பது மாறிவிடாமல் இருக்க ஒரு மூலையில் மைப்புள்ளி. பிறகு இழுவைக் கருவி. நான்கு திசைக்கும் நான்கு கைகள். ஒவ்வொரு கையிலும் வரிசையாகச் சிறு ஊசிமுனைகள். சதுரத்தின் நான்கு ஓரங்களையும் அந்த முனைகளில் குத்தி மாட்டுவதற்கு மாணவிக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்தார். ஒரு ஓரம் கிழிந்தால் மாதிரி வீண். மாட்டியதும் 37 டிகிரிச் சூடுள்ள உப்புக்கரைசலில் இறக்கினார். மேலே ஒரு கேமரா, இதழின் நடுவில் தூவிய கரும்புள்ளிகள் எப்படி விலகுகின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஓரத்தில் ஊசி குத்திய இடங்களில் திசு தாறுமாறாக நீளும் என்பதால் நடுவில் நடப்பதை மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம்.

கைகள் இழுக்கத் தொடங்கின. முதல் சில தடவைகள் சும்மா பழக்குவதற்கு. ஐஸிலிருந்து வந்த திசு ஒவ்வொரு இழுப்புக்கும் ஒவ்வொரு மாதிரி பதில் சொல்லும். பத்துச் சுற்றுப் போனால்தான் ஒரு நிலைக்கு வரும். அதற்கப்புறம் திரையில் இரண்டு கோடுகள் எழுந்தன. ஒன்று சுற்றுவாக்கில், அதாவது வால்வின் வளையத்தை ஒட்டிய திசையில் இழுத்ததற்கு. மற்றது நுனிவாக்கில், வளையத்திலிருந்து இதழின் விளிம்பை நோக்கி இழுத்ததற்கு. இரண்டும் முதலில் தரையோடு படுத்துக் கிடந்தன. திசு நீள்கிறது, ஆனால் எதிர்ப்பே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் சுற்றுவாக்குக் கோடு சட்டென்று திரும்பிச் செங்குத்தாக ஏறியது. அதற்கு மேல் மயிரிழை நீட்டுவதற்கும் கருவி சிரமப்பட வேண்டியிருந்தது. நுனிவாக்குக் கோடோ இன்னும் நிறைய நீண்ட பிறகுதான் எழுந்தது.

இதற்குக் காரணம் இதழுக்குள் ஓடும் கொலாஜன் என்ற புரத இழைகள். அவை சும்மா இருக்கும்போது நெளிநெளியாக, புடவைக் கொசுவம்போல மடிந்து கிடக்கின்றன. லேசாக இழுத்தால் மடிப்புதான் விரிகிறது. இழையின் மேல் பாரமே விழுவதில்லை. மடிப்பு முழுக்க விரிந்து முடிந்த நொடியில் இழையே நேராக நின்று பாரத்தை வாங்கிக்கொள்கிறது. இழைகளில் பெரும்பாலானவை சுற்றுவாக்கில் ஓடுவதால் அந்தத் திசையில் இதழ் விறைப்பு, மற்ற திசையில் நெகிழ்வு. உடம்புக்கு ரத்தம் போகும் வாயிலில் இருப்பது அயோர்டிக் வால்வு. வளர்ந்த மனிதரின் அயோர்டிக் வால்வு இதழில் சுற்றுவாக்கு விறைப்பு சுமார் 15 மெகாபாஸ்கல், நுனிவாக்கில் சுமார் 2 மெகாபாஸ்கல் என்று அளந்திருக்கிறார்கள். இந்த வித்தியாசம் இருப்பதால்தான் வால்வு மூடும்போது இதழ்கள் நுனிப்பக்கம் நீண்டு ஒன்றையொன்று தொட்டு அடைத்துக்கொள்கின்றன. அதே சமயம் வளையப்பக்கம் தொய்ந்து பின்பக்கம் சரிந்து விழுவதில்லை.

இப்படி முதலில் இளகி, பிறகு விறைக்கும் குணத்துக்குக் கணக்கு எழுதியவர்களில் முதன்மையானவர் ஒய்.சி. ஃபங். சீனாவில் பிறந்து, அமெரிக்காவில் விமானச் சிறகுகளின் அதிர்வைப் படித்துக்கொண்டிருந்தவர், பிறகு உயிருள்ள திசுவின் பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டார். மென்திசுவின் விறைப்பு, அதன்மேல் ஏறும் பாரத்தோடு சேர்ந்தே ஏறுகிறது என்பதை 1967இல் அவர் எழுதினார். இன்றைக்கும் இந்த ஆய்வகத்துக் கணினியில் ஓடுவது அந்தச் சமன்பாட்டின் பேரப்பிள்ளைகள்தான் என்று இங்கிருக்கும் பேராசிரியை சொன்னார்.

இன்னொன்றும் காட்டினார்கள். இதழை ஒரே பாரத்தில் பிடித்து அப்படியே விட்டுவிட்டார்கள். தோலானாலும் தசைநாரானாலும் அந்த மாதிரிப் பாரத்தில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். வால்வு இதழ் அப்படி நீளவே இல்லை. நிமிடங்கள் ஓடின, கோடு நகரவில்லை. பிறந்த குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 140 தடவை துடிப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் தடவை வால்வு திறந்து மூடுகிறது. முதல் பிறந்தநாள் வருவதற்குள் ஆறு கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு தடவையும் துளித்துளியாக நீண்டிருந்தால் என்னவாகியிருக்கும்!

அடுத்த அறையில் நுண்ணோக்கி. மூன்று கண்ணாடித் தகடுகளை அடுத்தடுத்து வைத்துக் காட்டினார்கள். மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில், பெற்றோர் அனுமதியோடு சேமித்து வைத்திருந்த திசுக்கள். தகட்டைக் கண்ணருகே கொண்டுபோவதற்கு முன்னால், இந்த ஒவ்வொரு சீவலுக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அனுமதி கொடுத்த அந்தத் தாய் தகப்பன்மாருக்கு மனசுக்குள் கைகூப்பிக்கொண்டேன்.

சாயம் ஏற்றிய தகட்டில் கொலாஜன் மஞ்சளாகவும், தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் கூழ்ப்பகுதி நீலப்பச்சையாகவும், நீண்டு சுருங்கும் எலாஸ்டின் கறுப்பு இழைகளாகவும் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அயோர்டிக் இதழில் மூன்று அடுக்குகளையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. ரத்தத்தின் திரும்பு விசையைத் தாங்கும் பக்கம் மஞ்சள், நடுவில் நீலப்பச்சை, இதயத்தைப் பார்த்த பக்கம் கறுப்புக் கோடுகள். இத்தனைக்கும் மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரை எட்டாது. அடுத்தது, தாய் வயிற்றிலேயே ஐந்தாம் மாதத்தில் தவறிப்போன சிசுவின் இதழ். அதில் அடுக்கே இல்லை. நீலப்பச்சைக் கூழுக்குள் செல்கள் நெருக்கியடித்துக் கிடந்தன, அவ்வளவுதான். மூன்றாவது, நிறைமாதக் குழந்தையுடையது. மஞ்சள் இப்போதுதான் ஓரமாகத் திரள ஆரம்பித்திருந்தது. கர்ப்பத்தின் 36ஆம் வாரம் வாக்கில்தான் அடுக்குகள் பிரிந்து தெரியத் தொடங்குகின்றன என்றும், குழந்தைப் பருவத்தில்கூட அந்தப் பிரிவு பெரியவர்களுடையது போல முழுமையாவதில்லை என்றும் 2006இல் வெளிவந்த ஒரு முக்கியமான ஆய்வு காட்டியது.

அந்த மூன்று தகடுகளையும் பார்த்த பிறகுதான் பேராசிரியை காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது எனக்குள் இறங்கியது. குழந்தையின் வால்வு என்பது பெரியவர்களின் வால்வைச் சின்னதாக்கிச் செய்த சாமான் அல்ல. அது இன்னும் கட்டி முடியாத வால்வு. மேலே ஏறும் பாரத்தைப் பார்த்துத்தான் அது தன்னைக் கட்டிக்கொள்கிறது. இதழுக்குள் இருக்கும் செல்கள் ஒவ்வொரு இழுப்பையும் உணர்கின்றன. எங்கே இழுவை அதிகமோ அங்கே கொலாஜனை நெய்கின்றன, எங்கே தேவையில்லையோ அங்கே கரைக்கின்றன. தாய் வயிற்றில் இருக்கும்வரை நுரையீரலுக்குப் போகும் குழாயும் உடம்புக்குப் போகும் குழாயும் இணைந்தே இருப்பதால் அவற்றின் வாயிலில் உள்ள இரண்டு வால்வுகளின் மேலும் ஏறக்குறைய ஒரே அழுத்தம். இதழ்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பிறந்து முதல் மூச்சு விட்டதும் நுரையீரல் விரிகிறது, வலப்பக்க அழுத்தம் இறங்குகிறது, இடப்பக்கம் ஏறுகிறது. அன்றிலிருந்து இரண்டு வால்வுகளும் வெவ்வேறு வழியில் வளர்கின்றன. மீன் குஞ்சுகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2003இல் அமெரிக்காவில் கால்டெக் ஆய்வாளர்கள், வரிக்குதிரை மீனின் கருவில் இதயத்துக்குள் நுண்மணி ஒன்றை வைத்து ரத்த ஓட்டத்தைத் தடுத்தபோது, வால்வே சரியாக உருவாகவில்லை.

அப்படியானால் பிறவியிலேயே இதயத்தின் அமைப்பு மாறிப்போன குழந்தைக்கு? தவறான பாரம் தவறான வால்வைக் கட்டுகிறது.

இதை அப்பட்டமாகக் காட்டும் நோய் ஒன்று உண்டு. இதயத்தின் இடது பாதி வளராமலே போவது. ஹைப்போபிளாஸ்டிக் லெஃப்ட் ஹார்ட் என்பார்கள். அந்தக் குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களில் நார்வுட், நாலைந்து மாதத்தில் கிளென், இரண்டு மூன்று வயதுக்கு மேல் ஃபான்டன் என்று மூன்று கட்டமாக அறுவை செய்து, வலது கீழறையையே உடம்பு முழுவதற்கும் ரத்தம் தள்ளும் பம்பாக மாற்றுகிறார்கள். வலது கீழறை வழக்கமாக 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்குத்தான் வேலை செய்யும். இப்போது அதைப்போல மூன்று நான்கு மடங்கு. காலையில் தட்டில் பார்த்தேனே, அந்த டிரைகஸ்பிட் வால்வுதான் இவ்வளவையும் தாங்க வேண்டும். தாங்கிப் பார்க்கிறது. அறை பெருக்கிறது, வளையம் அகலுகிறது, இதழ்கள் எட்டித் தொட முடியாமல் இடைவெளி விழுகிறது, ரத்தம் திரும்பிக் கசிகிறது. கசிந்த ரத்தத்தையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் அறை இன்னும் பெருக்கிறது. அழுத்தம் அதேதான் என்றாலும் அறையும் வளையமும் பெரிதாகப் பெரிதாக இழுவிசை கூடும் என்பது இயற்பியல் பாடம். இந்தக் குழந்தைகளின் ஆயுளைத் தீர்மானிப்பதில் இந்த வால்வின் கசிவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

மத்தியானம் மருத்துவமனைக்குப் போனோம். எக்கோ அறை வாசலில் ஒரு தாய், மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. டவுன் சிண்ட்ரோம். இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயக் குறையும் சேர்ந்தே வருகிறது. விழுப்புரம் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள்.

“நாலு மாசத்துலயே ஆபரேஷன் பண்ணிட்டாங்கக்கா. ஓட்டைய அடைச்சாச்சு. வால்வு ஒன்னா இருந்துச்சாம், அத ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்காங்க. கொஞ்சூண்டு லீக் இருக்குன்னு ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி வரச் சொல்றாங்க” என்றார். குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது.

ஒரு மருத்துவ மாணவரால்கூட இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே இரண்டு வால்வுகள் இருக்க வேண்டிய இடத்தில், ஐந்து இதழ்களோடு ஒரே பெரிய வால்வு. நடுச்சுவரில் ஓட்டை. ஓட்டையை அடைத்து, வால்வை இடம் வலமாகப் பிரித்து, இடப்பக்கத்தில் இரண்டு இதழ்களுக்கு நடுவே இருக்கும் பிளவைத் தைக்கிறார்கள். அந்தத் தையலில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. நெருக்கித் தைத்தால் வழி குறுகிவிடும். விட்டுத் தைத்தால் கசியும். நான்கு மாதத் திசுவில் நூல் தாங்க வேண்டும். தாங்காமல் நூலே திசுவை அறுத்துக்கொண்டு வந்துவிடுவதும் உண்டு.

குழந்தைக்கு எக்கோ எடுக்கத் தொடங்கினார்கள். தாய் கைப்பேசியில் பாட்டு வைத்துக் காட்டிக்கொண்டே இருக்க, மருத்துவர் மார்பில் ஜெல் தடவி, கருவியை இதய நுனிப்பக்கம் வைத்தார். திரையில் இதழ்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. நிறம் போட்டதும், ஒவ்வொரு துடிப்பிலும் மெல்லிய நீலத் தாரை ஒன்று மேலறைக்குள் பாய்ந்து மறைந்தது. கருவியிலிருந்து விலகிப்போகும் ரத்தத்துக்கு நீலம். “பாருங்க, தையல் போட்ட இடத்துல இல்ல. அதுக்குப் பக்கத்துல, வளையத்துக்கிட்ட வருது. போன தடவை இருந்த மாதிரியேதான் இருக்கு. நல்லது” என்றார் மருத்துவர். தாயின் முகத்தைப் பார்த்தேன். “போன தடவை மாதிரியேதான்” என்ற ஒரே சொல்லுக்காக அவர் ஆறு மாதம் காத்திருந்திருக்கிறார்.

அந்தப் படம் முப்பரிமாணத்தில் பதிவாகி, பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போகும். அங்கே அதிலிருந்து இதழ்களையும் வளையத்தையும் கணினியில் வரைந்து, ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் அழுத்தத்தை ஏற்றிப் பார்க்கிறார்கள். இழுவிசை கூடிய இடம் சிவப்பாக ஒளிரும். பிளவின் அடியில் ஒரு தையல் கூடப் போட்டால் சிவப்பு எங்கே நகர்கிறது, வளையத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இதழ்கள் எவ்வளவு ஒட்டிக்கொள்கின்றன என்று கத்தி வைப்பதற்கு முன்பே பார்க்கலாம் என்பதுதான் நோக்கம். இன்னும் சிகிச்சையை முடிவு செய்யும் அளவுக்கு இது வரவில்லை. அதை மறைக்காமல் சொன்னார்கள். எக்கோவில் இதழின் தடிமன் துல்லியமாகத் தெரியாது. அந்தக் குழந்தையின் கொலாஜன் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது சுத்தமாகத் தெரியாது. ஆட்டு வால்விலிருந்தும் பெரியவர் வால்விலிருந்தும் எடுத்த எண்களைக் கொண்டு இடைவெளியை நிரப்புகிறார்கள். பிள்ளைகளின் திசுவை அளந்த எண்கள் உலகம் முழுவதிலுமே கொஞ்சம்தான்.

அறுவை முடிந்து வந்த சர்ஜனை அவருடைய அறையில் பார்த்தேன். மேஜைமேல் ஒரு சிறு கிண்ணத்தில் இதய உறையின் இரண்டு துண்டுகள். ஒட்டுப்போடுவதற்காக நோயாளியிடமிருந்தே எடுத்ததில் மிஞ்சியவை. ஒன்று எடுத்தது எடுத்தபடி, மற்றது 0.6 சதவீத குளூட்டரால்டிஹைடு கரைசலில் பத்து நிமிடம் ஊறியது. கையுறை போட்டுக்கொண்டு இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஊறாதது விரலில் வழுக்கியது. தூக்கினால் தொங்கி, தனக்குள்ளேயே சுருண்டுகொண்டது. ஊறியது நிறம் கொஞ்சம் மங்கி, பிடித்த நிலையில் அப்படியே விறைத்து நின்றது. தைக்க அதுதான் வசதி என்பது தொட்டதுமே தெரிந்தது. குளூட்டரால்டிஹைடு கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது, செல்களைக் கொன்றுவிடுகிறது. “இதுக்கு மேல அது வளராதும்மா. பக்கத்துல இருக்கிற இதழ் வளரும், இது வளராது. சின்ன வயசுல ஒட்டினா சுண்ணாம்பு சீக்கிரம் படியும். தெரிஞ்சேதான் வைக்கிறோம். வேற வழியில்லாத இடத்துல” என்றார்.

வால்வையே மாற்றிவிட்டால் என்ன என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். பெரியவர்களுக்கு அது நல்ல வழி. 1990 டிசம்பரில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையத்தில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, இதய அறுவை மருத்துவர் வலியத்தான் தலைமையில் பல வருட உழைப்பில் உருவானது. அதற்கு முந்தைய மாதிரிகளில் ஒன்றில், திறந்து மூடும் நீலமணித் தட்டு சோதனையில் உடைந்துபோனது. பிறகு உறுதியான பாலிஎத்திலீன் தட்டுக்கு மாறினார்கள். வெளிநாட்டு வால்வின் விலை கட்டுப்படியாகாமல் இருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அது வாழ்வு கொடுத்திருக்கிறது. ஆனால் பிறந்த குழந்தையின் அயோர்டிக் வளையம் ஏழு மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்ற மிகச்சிறிய இயந்திர வால்வே 15 மில்லிமீட்டர். வைத்தாலும் அது வளராது, ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை, அதன் அளவு சரிதானா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. ஓடி விளையாடி முட்டியைப் பேர்த்துக்கொள்ளும் வயசில் அது எவ்வளவு பெரிய பாரம் என்று சொல்ல வேண்டியதில்லை. மாட்டு, பன்றித் திசுவில் செய்த வால்வு என்றால் மாத்திரை வேண்டாம். ஆனால் பிள்ளைகள் உடம்பில் சில வருடங்களிலேயே சுண்ணாம்பு படிந்து கெட்டுவிடுகிறது.

உயிருள்ள வால்வு ஒன்றே வளரும். 1967இல் லண்டனில் டொனால்ட் ராஸ் செய்த காரியம் அதனால்தான் இன்றும் பேசப்படுகிறது. கெட்டுப்போன அயோர்டிக் வால்வை எடுத்துவிட்டு, அதே நோயாளியின் நுரையீரல் வால்வை அங்கே வைத்தார். நுரையீரல் வால்வு இருந்த இடத்தில் இறந்தவர் ஒருவரிடமிருந்து பெற்ற வால்வு. குறைந்த அழுத்தத்தில் பழகிய மெல்லிய இதழ்கள் ஒரே நாளில் பல மடங்கு அழுத்தத்துக்கு மாறுகின்றன. நன்றாகப் போகும்போது செல்கள் விழித்துக்கொண்டு கொலாஜனைக் கூட்டி, இதழைத் தடிப்பாக்கி, குழந்தையோடு சேர்ந்து வளர்கின்றன. எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. சிலருக்குக் குழாயின் சுவர் தாங்காமல் அகன்றுவிடுகிறது. ஒரு வால்வில் இருந்த பிரச்சினையை இரண்டு வால்வுக்கும் பரப்புகிறோம் என்று இந்த அறுவையை எதிர்ப்பவர்களும் உண்டு. அந்த வாதத்தைச் சர்ஜன் தள்ளிவிடவில்லை. ஆனாலும் வளரும் பிள்ளைக்கு இதைவிட நல்லது தன் கைவசம் இல்லை என்றார். அவர் சொல்வதுதான் எனக்கும் சரியென்று படுகிறது.

வெளிநாடுகளில் நடப்பதையும் பேசினோம். 2022 வசந்தத்தில் அமெரிக்காவின் டியூக் மருத்துவமனையில், பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத குழந்தைக்கு, தானமாகக் கிடைத்த இன்னொரு குழந்தை இதயத்திலிருந்து வால்வுகளும் அவற்றோடு சேர்ந்த ரத்தக்குழாய்களும் மட்டும் உயிரோடு மாற்றப்பட்டன. வால்வுகள் குழந்தையோடு வளர்ந்தன என்று 2024இல் அந்த மருத்துவர்கள் எழுதினார்கள். பாஸ்டனில் நம் கால் சிரைகளில் இருக்கும் இரண்டிதழ் வால்வைப் பார்த்து, பலூன் வைத்து அகலப்படுத்தினாலும் மூடும் வால்வு ஒன்றை வடிவமைத்து 2020இல் வெளியிட்டார்கள். அடுத்த வருடம் மினசோட்டாவில், செல்களை நெய்யவிட்டுப் பிறகு அவற்றைக் கழுவி நீக்கிய குழாய்களால் செய்த வால்வு, ஆட்டுக்குட்டிகளின் உடம்பில் ஒரு வருடத்துக்கு வளர்ந்தது. மூன்றுமே நம்பிக்கை தருபவை. விழுப்புரத்துக் குழந்தைக்கு இன்றைக்கு உதவுவது அவை அல்ல. இருக்கும் வால்வைக் காப்பாற்றி வைத்துக்கொள்வதுதான் அவளுக்கு மருந்து.

மாலையில் தொடர்சிகிச்சைப் பிரிவு. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தான். ஒரு வயதில் ஃபாலோ நால்வகைக் குறைக்கு அறுவை. நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளில் அதிகம் காணப்படுவது அதுதான். நுரையீரலுக்குப் போகும் வழி குறுகலாக இருப்பதால் வளையத்தையே வெட்டி ஒட்டுப்போட்டு அகலப்படுத்துவார்கள். உயிர் பிழைக்கும், நிறம் திரும்பும். ஆனால் அங்கே வால்வு மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் வலது கீழறைக்குள் திரும்பும்.

“ஆபரேஷன் முடிஞ்சதும் நாலஞ்சு வருஷம் ஒழுங்கா வந்தோம் சார்” என்றார் அப்பா மருத்துவரிடம். “பையன் நல்லா ஓடியாடிக்கிட்டு இருந்தான். சரி, குணமாயிடுச்சுன்னு விட்டுட்டோம். இப்பதான் மாடி ஏறினா மூச்சு வாங்குதுங்கிறான்.” வலது கீழறை பெருத்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள், வால்வு வைக்க வேண்டிவரலாம். அப்பாவின் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஓடுகிற பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யாருக்குத்தான் தோன்றும்? இதயச் சுவரும் வால்வும் தவறான பாரத்துக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டே போவதால் பல வருடங்களுக்கு வெளியே ஒன்றும் தெரிவதில்லை. தெரிய வரும்போது அறை மறுபடி சுருங்க முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டால், வால்வு வைத்தும் முழுப்பலன் இருக்காது.

அதனால் இதைப் படிக்கும் பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பால் குடிக்கும்போது குழந்தைக்கு வியர்த்துக் கொட்டினால், எடை ஏறாவிட்டால், உதடும் நகமும் நீலம் பாரித்தால், நாள் பார்க்காமல் எக்கோ எடுத்துவிடுங்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் சிறார் நலக் குழு, குறையைக் கண்டால் மேல்சிகிச்சைக்கு வழிகாட்டும். குழந்தைகளுக்கான அரசின் நலப் பரிசோதனைத் திட்டமாக இது 2013இலிருந்து நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த அறுவைகளுக்கு இடம் உண்டு. அறுவை முடிந்த பிள்ளை எவ்வளவு நன்றாக ஓடினாலும், மருத்துவர் சொன்ன தேதிக்கு எக்கோவுக்குக் கூட்டிப்போங்கள். பழைய எக்கோ ரிப்போர்ட்டையும் அறுவைக் குறிப்பையும் ஒரே பையில் போட்டு வைத்திருங்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியது என்பதை வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். பிள்ளைக்கு இருபது வயதாகி வேலைக்கு வெளியூர் போகும்போது, அந்தப் பையையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.